பத்து டாலர் மரியோ: நாலு கோடிப் பேர் ஆடினார்கள், திட்டினார்கள், போய்விட்டார்கள்

2016 டிசம்பர் 15 அன்று ஜப்பானிய கேம் கம்பெனி நின்டெண்டோவின் சூப்பர் மரியோ ரன் என்ற கேம் ஐபோனில் வெளியானது. நாலே நாளில் 4 கோடி டவுன்லோட். அதே வாரத்தில் ஆப் ஸ்டோரில் அதன் மதிப்பீடு இரண்டரை நட்சத்திரம் பக்கம் இறங்கி நின்றது, டோக்கியோவில் நின்டெண்டோவின் பங்கு சரிந்தது. ஒற்றை நட்சத்திரம் போட்டவர்களில் பெரும்பாலானோர் கேம் மோசம் என்று சொல்லவில்லை. ஆட நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் முழுதாக ஆட 9.99 டாலர் கேட்கிறார்களே, அதுதான் புகார்.

இதில் எனக்குப் பிடிபடாமல் இருந்தது ஒன்று உண்டு. நின்டெண்டோ அப்போது தன் சொந்த கேம் கருவிகளில் ஒரு மரியோ கேமை 60 டாலருக்கு விற்றது, மக்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். 1985-இல் வந்த பழைய சூப்பர் மரியோ பிரதர்ஸையே வீ கருவியில் 5 டாலருக்கு மறுபடி விற்றது, அதையும் வாங்கினார்கள். அப்படியிருக்க, மரியோவைப் படைத்த மியாமோட்டோவே முன்னால் நின்று உருவாக்கிய ஒரு புது மரியோவுக்குப் பத்து டாலர் என்றதும் ஏன் இவ்வளவு கோபம்? விலை அதிகம் என்று சொல்லி முடித்துவிடலாம், அப்போது பலரும் அப்படித்தான் முடித்தார்கள். ஆனால் கணக்கைப் பார்த்தால் பத்து டாலர் என்ற எண் இங்கே பெரிய குற்றவாளி இல்லை. அந்தப் பத்து டாலரை எந்த இடத்தில், எந்த நிமிடத்தில் கேட்டார்கள் என்பதில்தான் கோளாறு. அதையும் தாண்டி, பத்து டாலருக்கு மேல் யாரிடமும் வாங்க முடியாதபடி கதவைப் பூட்டிக்கொண்டதில் இன்னொரு கோளாறு. முதலாவது நட்சத்திரத்தைக் கெடுத்தது, இரண்டாவது வருமானத்தைக் கெடுத்தது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் இந்தக் கதை பெரும்பாலும் தப்பாகச் சொல்லப்படுகிறது.

அந்த விலை எங்கிருந்து வந்தது

நின்டெண்டோ போனுக்கு வந்ததே வேண்டா வெறுப்பாகத்தான். அப்போதைய தலைவர் சடோரு இவாட்டா 2011 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கேம் உருவாக்குநர்கள் மாநாட்டில் இதைப் பற்றி வெளிப்படையாகவே பேசினார். போன் கடைகளை நடத்துபவர்களுக்கு ஆப்களின் எண்ணிக்கை பெருகினால் போதும், கேமின் மதிப்பு என்ன ஆனாலும் அவர்களுக்கு நட்டமில்லை, ஆனால் எங்களுக்கு அந்த மதிப்புதான் பிழைப்பு என்பது அவர் வாதம். ஒரு தடவை மரியோவைச் சல்லிசாகக் கொடுத்துவிட்டால், அப்புறம் கருவியில் அதையே 60 டாலருக்கு எப்படி விற்பது?

ஆனால் வீ யூ கருவி சரியாக விற்கவில்லை, முதலீட்டாளர்கள் நெருக்கினார்கள். 2015 மார்ச் 17 அன்று டீஎன்ஏ என்ற ஜப்பானியப் போன் கேம் கம்பெனியுடன் சேர்ந்து போன் கேம்கள் செய்யப்போவதாக இவாட்டா அறிவித்தார். அந்த ஜூலையிலேயே அவர் இறந்துபோனார். பின்னால் தட்சுமி கிமிஷிமா தலைவரானார். 2016 ஜூலையில் போகிமான் கோ வந்து உலகத்தையே தெருவில் நடக்கவிட்டது, நின்டெண்டோவின் பங்கு இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது, பிறகு அந்தக் கேமில் தங்களுக்கு வரும் பங்கு குறைவுதான் என்று கம்பெனியே சொன்னதும் விழுந்தது. ஆக, எல்லோருடைய கண்ணும் மரியோ மேல் இருந்தது.

செப்டம்பர் 7 அன்று ஆப்பிள் மேடையில் ஷிகெரு மியாமோட்டோ வந்து நின்றார். ஒரே ஒரு விலை, ஒரு தடவை கட்டினால் போதும், அப்புறம் எதுவும் கேட்கமாட்டோம் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். விலை எவ்வளவு என்று மட்டும் சொல்லவில்லை. வெளியாகும்போது தகவல் சொல்லுங்கள் என்று ஆப் ஸ்டோரில் 2 கோடிப் பேர் பொத்தானை அழுத்தி வைத்தார்கள். 9.99 டாலர் என்பது நவம்பர் 15 அன்றுதான் தெரிந்தது. செய்தி படிப்பவர்களுக்குத் தெரிந்தது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த 2 கோடிப் பேரில் நிறையப் பேர் கேம் செய்திகளைப் படிப்பவர்கள் இல்லை.

நின்டெண்டோ பக்கத்திலிருந்து பார்த்தால் இது இறங்கிவந்த விலை. பிள்ளைகள் கையில் போனைக் கொடுக்கும் பெற்றோர், மாத முடிவில் கார்டு பில்லைப் பார்த்து மயங்கி விழாமல் இருக்க வேண்டும் என்று அவர்கள் உண்மையிலேயே நினைத்தார்கள். ஆறு உலகம், 24 லெவல், கட்டியபின் உள்ளே காசு போட்டு வாங்க எதுவுமே இல்லை. நேர்மையான வியாபாரம்தான்.

கடை மாறினால் விலையும் மாறுகிறது

பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் 1985-இல் எழுதிய ஒரு ஆய்வில் ஒரு சின்னக் கேள்வி வரும். கடற்கரையில் வெயிலில் படுத்திருக்கிறீர்கள், நண்பர் போய் ஒரு பீர் வாங்கி வரக் கிளம்புகிறார், அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கலாம்? பக்கத்தில் இருப்பது ஆடம்பர ஹோட்டல் என்று சொன்னபோது இடைநிலை பதில் 2.65 டாலர். பாடாவதி மளிகைக் கடை என்று சொன்னபோது 1.50. பீர் அதே பீர், குடிக்கும் இடமும் அதே மணல். ஒரு பொருளுக்கு என்ன கொடுக்கலாம் என்பதை மனது அந்தப் பொருளை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை, அந்தக் கடையில் வழக்கமாக என்ன கேட்பார்கள் என்பதையும் சேர்த்துத்தான் முடிவு செய்கிறது.

ஆப் ஸ்டோர் என்ற கடையின் வழக்கத்தை இப்போது பார்ப்போம். 2008 ஜூலையில் அது திறந்தபோது அங்கே பிரபலமாக ஓடிய சூப்பர் மங்கி பால் கேமின் விலை என்ன தெரியுமா, 9.99 டாலர். யாரும் கலவரம் செய்யவில்லை, ஏனென்றால் மக்கள் ஒப்பிட்டது கையடக்கக் கருவிகளில் 30, 40 டாலருக்கு விற்ற கேம்களோடு. அதற்குப் பிறகு விற்பனைப் பட்டியலில் மேலே ஏறுவதற்காக ஒவ்வொருவரும் விலையைக் குறைத்துக் குறைத்து 99 சென்ட்டில் வந்து நின்றார்கள். 2009 டிசம்பரில் வந்த ஆங்ரி பேர்ட்ஸ் அந்த 99 சென்ட்டில்தான் உலகத்தைப் பிடித்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஆப்பிள் ஒரு விதியை மாற்றியிருந்தது: இலவச ஆப்களுக்கு உள்ளேயும் பொருள் விற்கலாம். அந்த மாற்றம் அன்றைக்குப் பெரிய செய்தியாகத் தெரியவில்லை, ஆனால் 2012-இல் கிளாஷ் ஆஃப் கிளான்ஸும் கேண்டி கிரஷ்ஷும் வந்தபிறகு 99 சென்ட்கூட அதிகம் என்று ஆகிவிட்டது. எட்டு வருடத்தில் அதே கடையில் அதே 9.99 'சரிதான்' என்பதிலிருந்து 'என்ன திமிர்' என்பதற்குப் போய்விட்டது. கேம்கள் அந்த எட்டு வருடத்தில் மோசமாகவில்லை, பெரிதாகத்தான் ஆயின.

மரியோவுக்கு முன்னாலேயே இதற்கு ஒரு எச்சரிக்கை வந்துபோனது. மாண்யுமென்ட் வேலி, 2014 ஏப்ரலில் 3.99 டாலருக்கு வந்த அழகான புதிர் கேம், விருதெல்லாம் வாங்கியது. அந்த நவம்பரில் புதிய லெவல்களைச் சேர்த்து அதற்குத் தனியாக 1.99 டாலர் கேட்டார்கள். உடனே ஒற்றை நட்சத்திர மழை. இரண்டு டாலருக்கு. அதிலும், ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கி, பிடித்துப்போய், இன்னும் வேண்டும் என்று கேட்டவர்களிடமிருந்து.

பூஜ்யம் என்ற விலை

இங்கே ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்பு. போனில் யாரும் காசு கொடுக்கமாட்டார்கள் என்றால் மைன்கிராஃப்ட் எப்படி விற்றது? அதன் போன் பதிப்பு 6.99 டாலர், கட்டணக் கேம்கள் பட்டியலில் வருடக்கணக்கில் உச்சியிலேயே உட்கார்ந்திருந்தது. பத்துக்கும் ஏழுக்கும் அவ்வளவு பெரிய இடைவெளி இல்லை.

வித்தியாசம் பொத்தானில் இருக்கிறது. மைன்கிராஃப்டின் பொத்தானில் விலை எழுதியிருந்தது. அழுத்துகிறவருக்கு அழுத்துவதற்கு முன்பே தெரியும், வேண்டாம் என்றால் அழுத்தாமல் போய்விடுவார், திட்டுவதற்கு அவருக்கு ஒன்றும் இருக்காது, விமர்சனம் எழுதுபவர்கள் எல்லோரும் ஏற்கெனவே காசு கொடுக்கத் தயாராக இருந்தவர்கள். மரியோவின் பொத்தானில் எல்லா இலவச ஆப்களிலும் இருக்கும் அதே சொல்தான் இருந்தது. அழுத்தினால் வந்துவிடும். முதல் மூன்று லெவல் முழுதாக ஆடலாம், நாலாவதில் 20 வினாடி மட்டும், அதற்குள் திரை வந்து மறிக்கும்: தொடர வேண்டுமா, 9.99.

நின்டெண்டோ இதைச் சலுகையாக நினைத்தது. கடையில் மாதிரி கொடுப்பதில்லையா, பிடித்தால் வாங்குங்கள் என்பதுபோல. ஆனால் ஆட்டக்காரர் அதை மாதிரி என்று நினைத்து வரவில்லை. கல்யாணப் பந்தியில் உட்காரவைத்து, இலை போட்டு, கூட்டும் பொரியலும் வைத்துவிட்டு, சாம்பார் வாளியோடு வருபவர் குனிந்து காதில் தொகையைச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படித்தான் இருந்திருக்கிறது. அதே தொகைக்கு அதே சாப்பாட்டை ஹோட்டலில் கேட்டிருந்தால் எதுவும் தோன்றாது.

பூஜ்யத்துக்கு ஏன் இவ்வளவு பலம்? 2007-இல் கிறிஸ்டினா ஷம்பானியர், நினா மஸார், டான் ஏரியலி மூவரும் சாக்லேட் வைத்து ஒரு சோதனை செய்தார்கள். உயர்ந்த ரக லிண்ட் சாக்லேட் 15 சென்ட், சாதாரண ஹெர்ஷீஸ் கிஸ் 1 சென்ட். வாங்கியவர்களில் 73 சதவீதம் பேர் லிண்டை எடுத்தார்கள். அடுத்து இரண்டிலும் ஒரே ஒரு சென்ட் குறைத்தார்கள்: லிண்ட் 14, கிஸ் இலவசம். விலை வித்தியாசம் மாறவே இல்லை, அதே 14 சென்ட்தான். ஆனால் 69 சதவீதம் பேர் கிஸ்ஸுக்குத் தாவிவிட்டார்கள். கணக்குப்படி இதற்கு அர்த்தமே கிடையாது. ஒரு சென்ட் என்பது சின்ன விலை, பூஜ்யம் என்பது விலையே இல்லாத நிலை, அங்கே இழப்பதற்கு எதுவுமில்லை என்று மனது தனியாக ஒரு கணக்குப் போடுகிறது. அந்த நிலையிலிருந்து ஒருவரைக் கிளப்பி ஒரு டாலருக்குக் கொண்டுவருவதே கஷ்டம், ஒரு டாலரிலிருந்து பத்துக்குப் போவது அந்த அளவு கஷ்டமில்லை.

மரியோ ரன் 4 கோடிப் பேரை முதலில் பூஜ்யத்தில் உட்காரவைத்தது. அப்புறம் ஒரே தாவலில் பத்துக்கு வரச் சொன்னது. நடுவில் படி எதுவும் இல்லை. ஒரு உலகம் இரண்டு டாலர் என்று துண்டு துண்டாகக் கேட்டிருந்தால் மொத்தம் அதே விலைக்கு அருகில் வந்திருக்கும், முதல் தாவலும் சின்னதாக இருந்திருக்கும். இது என் ஊகம்தான், ஆனால் பின்னால் வந்த பெரும்பாலான நின்டெண்டோ போன் கேம்கள் சின்னச் சின்ன முதல் தாவல்களை வைத்துத்தான் ஓடின.

இன்னொரு விஷயமும் பொத்தானால் நடந்தது, இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. பூஜ்யத்துக்கு டவுன்லோட் செய்த எல்லோருக்கும் விமர்சனம் எழுதும் உரிமை வந்துவிட்டது. வாங்கவே போகாத கோடிக்கணக்கானவர்களை விமர்சனப் பெட்டியின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியதே அந்த இலவசப் பொத்தான்தான். இரண்டரை நட்சத்திரம் என்பது கேமின் மதிப்பெண் இல்லை, திரை வந்து மறித்த அந்த நொடியின் மதிப்பெண்.

அப்புறம், ஆட எப்போதும் இணையம் வேண்டும் என்று வைத்தார்கள், திருட்டுப் பிரதிகளைத் தடுக்க. சுரங்கப் பாதை ரயிலில் ஒரு கையால் ஆடுவதற்கென்றே செய்த கேம் சுரங்கப் பாதையில் ஓடாது. பத்து டாலர் கொடுத்தவர் இதைப் பார்த்து எரிச்சல்படுவதில் தப்பே இல்லை, இலவசக் கேமில் பொறுத்துக்கொள்கிற குறையைக் காசு கொடுத்த கேமில் யாரும் பொறுப்பதில்லை.

கணக்கு சொல்லும் வேறு கதை

சரி, கோபம் புரிகிறது. பணம் என்ன ஆனது?

2017 ஜனவரி கடைசியில் கிமிஷிமா எண்களை வெளியிட்டார்: 7 கோடியே 80 லட்சம் டவுன்லோட், அதில் 5 சதவீதத்துக்கு மேல் பேர் காசு கட்டியிருக்கிறார்கள், வந்த தொகை 5 கோடியே 30 லட்சம் டாலர். உடனே எல்லோரும் 'ஐந்தே சதவீதம்' என்று எழுதினார்கள். எனக்கு அந்த 'ஏ'காரம் நியாயமாகப் படவில்லை. இலவசப் போன் கேம்களில் எப்போதாவது ஒரு தடவையாவது காசு போடுபவர்கள் பெரும்பாலும் நூற்றுக்கு ஓரிருவர்தான், அதுவும் ஒரு டாலர், இரண்டு டாலர் என்று. இங்கே நூற்றுக்கு ஐந்துக்கு மேல், ஒவ்வொருவரும் முழுசாகப் பத்து டாலர், ஆறே வாரத்தில். சதவீதக் கணக்கில் இது தோல்வியே இல்லை, பல கம்பெனிகள் கனவு காணும் எண்.

தோற்றது வேறிடத்தில். 5 கோடியே 30 லட்சத்தை 7 கோடியே 80 லட்சத்தால் வகுத்துப் பாருங்கள், ஒரு டவுன்லோடுக்கு 68 சென்ட் வருகிறது. அதில் ஆப்பிளின் 30 சதவீதம் போய்விடும். அதற்குப் பிறகு? அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. மரியோவைக் காதலித்து, தினமும் ஆடி, இன்னும் நூறு டாலர் கொடுக்கத் தயாராக இருந்தவரிடமும் வாங்க வழி கிடையாது. அவர் கட்டியதும் பத்துதான், அரை மனதாகக் கட்டியவரும் பத்துதான். பிடிக்கவே பிடிக்காதவரிடமும் கொஞ்சம் பிடித்தவரிடமும் பூஜ்யம். இலவசக் கேம்களின் பொருளாதாரம் முழுக்க முழுக்க அந்த நூறு டாலர்க்காரர்கள் மேல் நிற்கிறது, ஒரு கைப்பிடி ஆட்கள் கொட்டும் பணத்தில்தான் மற்ற எல்லோரும் சும்மா ஆடுகிறார்கள். நின்டெண்டோ கீழே இலவசம் என்ற பாதியை எடுத்துக்கொண்டது, மேலே எல்லையில்லாமல் செலவழிக்கவிடும் பாதியை வேண்டாம் என்றது. கூட்டம் வந்தது, கல்லா ஒரு தடவை மட்டுமே திறந்தது.

பின்னால் மொத்த டவுன்லோட் 15 கோடி ஆனது, 2017 அக்டோபர் வாக்கில் 20 கோடியைத் தொட்டது, அப்போதும் ஏற்றுக்கொள்ளத்தக்க லாபத்தை எட்டவில்லை என்று கம்பெனியே முதலீட்டாளர்களிடம் ஒப்புக்கொண்டது.

அந்தச் செப்டம்பர் 29-இலிருந்து இரண்டு வாரத்துக்குப் பாதி விலை, 4.99. கூடவே புது உலகம், இளவரசி டெய்சி, புது ஆட்ட முறை. விலைக் குறைப்பு என்றாலே நினைவுக்கு வருவது கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடைதான். அதை நடத்தும் வால்வ் கம்பெனியின் கேப் நியூவெல் 2011-இல் ஒரு நிகழ்ச்சியில் சொன்ன கணக்கு பிரபலம்: சத்தமில்லாமல் விலையைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தபோது வருமானம் ஏறக்குறைய அப்படியே நின்றது, ஆனால் 75 சதவீதத் தள்ளுபடி என்று அறிவித்துப் போட்டபோது மொத்த வருமானம் 40 மடங்கு எகிறியது. கோடு போட்டு அடித்த பழைய விலை, பக்கத்தில் புது விலை, முடியும் நாள், இந்த மூன்றும் சேர்ந்து வாங்குபவர் மனதில் 'லாபம்' என்ற கணக்கை எழுதுகின்றன. மரியோவுக்கு ஏன் அப்படி நடக்கவில்லை? ஸ்டீமில் தள்ளுபடிக்குக் காத்திருப்பவர் மனதில் பழைய விலை ஒரு நியாயமான விலையாகப் பதிந்திருக்கிறது, அதனால் பாதி என்றால் மகிழ்ச்சி. மரியோ ரன்னைப் பொறுத்தவரை ஒன்பது மாதம் முன்னால் கோபித்துக்கொண்டு அழித்துவிட்டுப் போனவர் மனதில் பதிந்திருந்த விலை பூஜ்யம். பூஜ்யத்தோடு ஒப்பிட்டால் 4.99 தள்ளுபடி இல்லை, அதுவும் ஒரு கட்டணம்தான்.

உருண்டைகளுக்கு யாரும் கோபப்படவில்லை

மரியோ வந்து ஏழு வாரம் கழித்து, 2017 பிப்ரவரி 2 அன்று, நின்டெண்டோ தன் ஃபயர் எம்பிளம் என்ற போர்க் கேம் தொடரிலிருந்து ஃபயர் எம்பிளம் ஹீரோஸைப் போனில் வெளியிட்டது. இது முழு இலவசம், மறிக்கும் திரை இல்லை, கதையை முடிக்க ஒரு பைசாவும் வேண்டாம். வீரர்களை மட்டும், கேமுக்குள் காசாகச் செல்லும் உருண்டைகளைக் கொடுத்து அழைக்க வேண்டும், யார் வருவார்கள் என்பது குலுக்கல். ஒரு தடவைக்கு ஐந்து வீரர்கள் வரிசையாகக் காத்திருப்பார்கள், முதல் ஆளுக்கு 5 உருண்டை, அடுத்தடுத்த மூவருக்குத் தலா 4, கடைசி ஆளுக்கு 3. ஐந்து பேரையும் அழைத்தால் 20 உருண்டை. அப்போது கேமின் கடையில் 3 உருண்டை 1.99 டாலர், 140 உருண்டை 74.99.

இந்த அமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், அவ்வளவு வேலைப்பாடு. முதலில், விலை டாலரிலிருந்து உருண்டைக்கு மாறிவிட்டது. பணம் கொடுக்கும் வலி கடையில் ஒரு தடவை வருகிறது, செலவழிக்கும்போது வருவதில்லை, அப்போது போவது உருண்டைதானே. இரண்டாவது, விலை இறங்கு வரிசையில் இருக்கிறது. 5 கொடுத்து ஆரம்பித்தவருக்கு அடுத்தது 4-க்கு, கடைசி 3-க்கு, பாதியில் எழுந்துபோனால் மலிவானதை விட்டுப்போவதாக மனது நினைக்கும். மூன்றாவது, சின்னப் பொட்டலத்தில் ஒரு உருண்டை 66 சென்ட், பெரிய பொட்டலத்தில் சுமார் 54 சென்ட், எனவே 75 டாலர் செலவழிப்பவர் தன்னைச் சிக்கனக்காரர் என்று நினைத்துக்கொள்ளலாம். நான்காவது, 3 உருண்டை வாங்கினால் ஒரு ஆளைக்கூடப் புதிதாக அழைக்க முடியாது. ஆட ஆட இலவசமாகவும் உருண்டைகள் வருவதால் மிச்சம் எப்போதும் கையில் கொஞ்சம் இருக்கும், எப்போதும் ஒன்றிரண்டு குறையும்.

ஒரு நல்ல வீரனுக்காக 75 டாலர் கொட்டியும் கிடைக்காமல் போனவர்கள் இருந்தார்கள். மரியோ ரன்னின் முழு விலையை ஏழு தடவை கட்டிவிட்டு, கையில் ஒன்றுமில்லை. ஆனால் நட்சத்திரங்கள்? நன்றாகவே இருந்தன. ஏனென்றால் யாரையும் யாரும் மறிக்கவில்லை, கட்டியவர்கள் தாங்களாகவே கட்டினார்கள், தன் முடிவைத் தானே திட்டி ஒற்றை நட்சத்திரம் போடுபவர் குறைவு.

வருமானத்தில் இந்தச் சின்னத் தொடர் மரியோவை முந்தியது. நின்டெண்டோவின் மூத்த அதிகாரி ஒருவர் அப்போது நிக்கேய் நாளிதழிடம், ஃபயர் எம்பிளம் ஒரு விதிவிலக்கு, உண்மையில் எங்களுக்குப் பிடித்தது மரியோ ரன் முறைதான் என்றார். பிடித்தது எது, காசு தந்தது எது என்பது வேறு வேறாகப் போய்விட்டது. ஃபயர் எம்பிளம் ஹீரோஸில் ஆட்டக்காரர்கள் செலவழித்த தொகை 2022-இல் ஒரு பில்லியன் டாலரைத் தாண்டியதாக ஆப் சந்தையை ஆராயும் சென்சார் டவர் நிறுவனம் கணக்கிட்டது.

மியாமோட்டோ விடவில்லை. 2018 ஆகஸ்டில் ஜப்பானில் நடந்த உருவாக்குநர் மாநாட்டில், நிலையான விலை முறை வெற்றி பெற்றது என்று சொல்ல முடியாது, ஆனாலும் அது ஊன்றும்வரை தள்ளிக்கொண்டே இருப்போம் என்ற பொருளில் பேசினார். அவர் கம்பெனி அந்த அளவு பிடிவாதமாக இல்லை. 2019 செப்டம்பரில் மரியோ கார்ட் டூர் என்ற பந்தயக் கேம் போனில் வந்தது, குழாயிலிருந்து ஓட்டுநர் விழும் குலுக்கலோடும், மாதம் 4.99 டாலர் சந்தாவான தங்கச் சீட்டோடும். அதிலும் ஒரு வேடிக்கை. அதற்குச் சில நாள் முன்னால்தான் ஆப்பிள் தன் ஆர்கேட் சேவையைத் தொடங்கியிருந்தது, மாதம் அதே 4.99-க்கு ஒரு பெரிய பட்டியல் கேம்கள். உடனே எல்லோரும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். ஒப்பிட வேறொன்று இல்லாத மாதத்தில் வந்திருந்தால் இந்த அளவு வசவு விழுந்திருக்காது. 2022 அக்டோபரில் அந்தக் குலுக்கலை எடுத்துவிட்டு நேரடியாக வாங்கும் கடையை வைத்தார்கள்.

எண்பது டாலர்

2025 ஏப்ரலில் மரியோ கார்ட் வேர்ல்டின் விலை 79.99 டாலர் என்று வந்தபோது நின்டெண்டோவின் நேரலை உரையாடல் பெட்டி முழுக்க விலையைக் குறை என்ற வரியால் நிரம்பியது. மறுபடி அதே தப்பா என்று தோன்றும். இல்லை. இந்தத் தடவை அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணை வைத்திருந்தார்கள்: அந்தக் கேமை ஆடும் புதிய ஸ்விட்ச் 2 கருவி தனியாக 449.99, கேமோடு சேர்த்து 499.99. ஆக எண்பது டாலர் கேம் கருவியோடு வாங்கினால் ஐம்பதுக்கு வருகிறது, முப்பது டாலர் மிச்சம். எண்பது என்ற விலை எவ்வளவு கசந்ததோ, அந்த மிச்சம் அவ்வளவு இனித்தது. ஜூன் 5 அன்று விற்பனைக்கு வந்தது, அந்த மாத முடிவில் 58 லட்சம் கருவிகளும் 56 லட்சம் மரியோ கார்ட் வேர்ல்டும் போயிருந்தன. எண்பது டாலர் என்று எல்லோரும் பேசினார்கள், எண்பது டாலரைத் தனியாகக் கட்டியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

அதற்கு ஆறு மாதம் முன்னால், இதைவிடச் சின்னதாக, இந்தக் கதைக்கு இன்னும் நெருக்கமாக ஒன்று நடந்தது. 2017-இலிருந்து இலவசமாக ஓடிய, உள்ளே இலைச் சீட்டு வாங்கிச் செலவழிக்கும் நின்டெண்டோவின் போன் கேமான அனிமல் கிராசிங்: பாக்கெட் கேம்ப்பை 2024 நவம்பரில் மூடினார்கள். டிசம்பரில் அதையே முழுமைப் பதிப்பாக, ஒரே தடவை கட்டும் விலையில் விட்டார்கள். இலைச் சீட்டு கிடையாது, எப்போதும் இணையத்தில் இருக்க வேண்டிய கட்டாயமும் கிடையாது, பழைய ஆட்டக்காரர்கள் தங்கள் முகாமை அப்படியே கொண்டுவரலாம். இலவச லெவல் எதுவும் வைக்கவில்லை, விலை பொத்தானிலேயே இருந்தது. ஜனவரி கடைசிவரை அறிமுக விலை 9.99, பிப்ரவரியிலிருந்து 19.99. எட்டு வருடம் முன்னால் மரியோவுக்குக் கேட்ட அதே தொகை, இந்தத் தடவை இருபதில் பாதியாக வந்தது.